வீட்டிலேயே கார் ஏசிக்கு கேஸ் ஏற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

டாலஸ்வாசி:
இங்கே கோடையில் 40 டிகிரியைத் தொடுவது அதிசயமே இல்லை. ஏசி காற்று வெதுவெதுப்பாக வர ஆரம்பித்ததும் 12 அவுன்ஸ் ஆர்-134ஏ (கார் ஏசியில் குளிரூட்டும் கேஸ்) டப்பா ஒன்று, மீட்டர் வைத்த குழாயோடு வாங்கிவந்து நானே ஏற்றினேன். வேலை பெரிதில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஏசியையும் ஃபேனையும் முழுக்க வைத்து, தடித்த பைப்பில் 'எல்' (லோ சைடு, அழுத்தம் குறைந்த பக்கம்) என்று போட்டிருக்கும் மூடியைக் கழற்றி, குழாயின் தலையை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தலை அழுத்தம் அதிகமான ஹை சைடில் பொருந்தாது, அளவே வேறு. பொருந்தாததும் நல்லதுக்குத்தான், அந்தப் பக்கம் 200 பிஎஸ்ஐக்கு மேல் ஓடும், டப்பா வெடித்துவிடும். கேஸ் இறங்க இறங்க டப்பா சில்லிட்டு வெளியே வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. 134ஏ கொதிப்பதே மைனஸ் 26 டிகிரியில், அதனால் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த மீட்டரைப் பற்றி. இன்ஜின் நின்றிருக்கும்போது அது 110 பிஎஸ்ஐக்கு மேல் காட்டியது, பார்த்தால் கேஸ் நிறைய இருக்கிறது என்றுதான் தோன்றும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே போதும், அழுத்தம் வெயிலைப் பொறுத்துத்தான் நிற்கும், பாதி இருந்தாலும் முழுசாக இருந்தாலும் அதே எண்தான். ஓடும்போது முள் பச்சையில் நிற்பதும் வெளி வெப்பத்தைப் பொறுத்தது. முள்ளை நம்பி ஏற்றிக்கொண்டே போனால் அளவு மீறி, ஹை சைடு ஏறி, இருந்த குளிர்ச்சியும் போய்விடும். பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். நான் டப்பாவைச் சமையலறைத் தராசில் நிறுத்து நிறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டேன். உள்ளே ஏற்கெனவே எவ்வளவு மிச்சம் என்று தராசுக்கும் தெரியாது, ஆனால் எவ்வளவு போனது என்றாவது தெரியும். ஏசி காற்று வரும் ஓட்டையில் தெர்மாமீட்டர் செருகி வைத்திருந்தேன், வெப்பநிலை இறங்குவது நின்றதும் கேஸ் விடுவதை நிறுத்திவிட்டேன்.

மதுரைக்காரன்:
அண்ணே, தராசு யோசனை அருமை. நம்ம ஊரில் கதையே வேறு, காரைப் பார்க்கும் முன்னாடியே "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்பார்கள். கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருளா என்ன, குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். மாமனார் காருக்கும் இதையேதான் சொன்னார்கள். பைபாஸில் ஓடும்போது ஜில்லென்று இருக்கும், காளவாசல் சிக்னலில் நின்றால் அனல். பானெட்டைத் திறந்தால் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் பாகம்) ஃபேன் சுற்றவே இல்லை! ஃபேனை மாற்றியதோடு சரி, கேஸைத் தொடவே இல்லை. அப்புறம் கேபின் ஃபில்டரையும் உருவிப் பாருங்கள், எங்களுடையதில் வேப்பஞ்சருகாக இருந்தது. கேஸ்தான் போயிருக்கிறது என்றால் சோப்புத் தண்ணீரை முதலில் கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் வால்வின் மேல் ஊற்றிப் பாருங்கள். டயர் வால்வு மாதிரியே உள்ளே ஒரு ஊசி, நிறையப் பேருக்கு அங்கேதான் குமிழி வரும்.

கோவை கார்ப்பைத்தியம்:
இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். புது வண்டிகளில் 1234ஒய்எஃப் கேஸ் இருக்கலாம், விலை அதிகம், கொஞ்சம் தீப்பற்றவும் செய்யும், அதில் 134ஏ ஏற்றவே கூடாது. ஹைபிரிட் என்றால் கடையில் விற்கும் டப்பாப் பக்கமே போகாதீர்கள், சிலவற்றில் ஆயிலும் கலந்திருக்கும், கரண்டில் ஓடும் கம்ப்ரசருக்கு மின்சாரம் கடத்தாத ஆயில்தான் வேண்டும். லீக் அடைக்கும் பசை கலந்த டப்பாவும் வேண்டாம், பின்னால் மெக்கானிக்கின் கேஸ் உறிஞ்சும் மெஷினையே அடைத்துவிடும், தெரிந்தால் வண்டியைத் தொடவே மாட்டார்.

முழுசாகக் காலியான வண்டியில் அப்படியே ஏற்றவும் கூடாது. உள்ளே போன காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் போட்டு உறிஞ்சி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ். என்னிடம் அழுத்தம் பார்க்கும் கேஜ் செட் இருக்கிறது, வேக்யூம் பம்ப் இல்லை. பீளமேடு பக்கம் யாராவது ஒருநாள் வாடகைக்குத் தருவீர்களா?