வானத்த பாத்து சுடுறத தடுக்குற சட்டம், அதோட செலவு யார் தலைல விழுது?

நிலா அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க கன்சாஸ் சிட்டி பக்கம் 9 வருஷமா இருக்கோம். போன மாசம் பெஞ்ச மழைல மாடி ரூம் சீலிங்ல ஈரம் படிஞ்சுது, ரூஃபர கூப்பிட்டு ஏறி பாக்க சொன்னா ஷிங்கிள்ல விரல் நுழையுற அளவு ஒரு ஓட்டை, கீழ அட்டிக் இன்சுலேஷனுக்குள்ள ஒரு தோட்டா கெடக்கு. இங்க சுதந்திர தினம் ஜூலை 4, அன்னிக்கும் நியூ இயருக்கும் கொண்டாட்டத்துக்குனு சில பேர் வானத்த பாத்து சுடுவாங்க, இது எப்ப விழுந்துச்சுனு ஒண்ணும் தெரியல. அதுக்கு நேர் கீழதான் என் பொண்ணோட கட்டில். ரெண்டு நாள் எனக்கு தூக்கமே வரல.

இங்க மிசௌரில 2024 ஆகஸ்ட் 28 லேந்து, ஊருக்குள்ள இப்டி சுடுறத தடுக்குற பிளேர்ஸ் லா நடைமுறைல இருக்கு. 2011 ஜூலை 4 ராத்திரி இதே ஊர்ல எவனோ கொண்டாட்டத்துக்கு சுட்ட தோட்டா பட்டு இறந்துபோன 11 வயசு பிளேர் ஷானஹன் லேன் பேர்ல வந்த சட்டம். கூட வேலை பாக்குறவர்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டிருந்தப்ப அவர் சொல்றாரு, இந்த சட்டத்தால வரிப்பணம்தான் தண்டம், சுட்டவன புடிக்கவும் முடியாது, புடிச்சா உள்ள வச்சு சோறு போடணும்னு. கோவம் கோவமா வந்துச்சு, ஆனா பதில் சொல்ல என்கிட்ட விஷயம் இல்ல. நெசமாவே இதுக்கு எவ்ளோ செலவாகும், யார் குடுக்குறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கோர்ட் குமாஸ்தா:
நிலா அம்மா, மொதல்ல குழந்தைக்கு ஒண்ணும் ஆகலயே, அது போதும்.

நான் ஒரு லா ஆபீஸ்ல பாராலீகலா (வக்கீலுக்கு உதவியாளர்) இருக்கேன், இந்த பில் ஓடுன காலத்துல கவனிச்சு பாத்தவன். 2023லயே சட்டசபைல பாஸ் ஆயிடுச்சு, ஆனா பல விஷயத்த ஒரே பில்லுல கட்டி அனுப்புனதால மத்த பிரிவுகள் புடிக்காம கவர்னர் பார்சன் மொத்தமா வீட்டோ பண்ணிட்டாரு, மறுபடி 2024ல வேற பில்லுல போய் ஜூலைல கையெழுத்தாச்சு. அதுக்கு முன்னாடி ஊருக்குள்ள மேல பாத்து சுட்டா பெரும்பாலும் நகராட்சி விதிய (ஆர்டினன்ஸ்) மீறுன கேஸ்தான். இப்ப மொத தடவ ஏ கிளாஸ் மிஸ்டிமீனர், அதாவது சின்ன வகை குற்றம், 1 வருஷம் வரைக்கும் ஜெயில், 2000 டாலர் வரைக்கும் ஃபைன். ரெண்டாவது தடவ இ கிளாஸ் ஃபெலனி, அதாவது பெரிய வகை குற்றம், 4 வருஷம் வரைக்கும் போகும். மூணாவது தடவைலேந்து டி கிளாஸ், 7 வருஷம் வரைக்கும். தற்காப்புக்கு சுடுறது, ஷூட்டிங் ரேஞ்ச், முறையான வேட்டை இதுக்கெல்லாம் விலக்கு இருக்கு.

செலவு விஷயத்துக்கு வருவோம். ஒவ்வொரு பில்லுக்கும் ஃபிஸ்கல் நோட்னு ஒரு கணக்கு போடுவாங்க, கரெக்ஷன்ஸ் டிபார்ட்மெண்ட் (சிறைத்துறை), கோர்ட், கேஸ் நடத்துற ப்ராசிக்யூட்டர், வசதி இல்லாதவங்களுக்கு வாதாடுற பப்ளிக் டிஃபெண்டர் எல்லார்கிட்டயும் உங்களுக்கு எவ்ளோ ஆகும்னு கேப்பாங்க. புது குற்றத்துக்கு எத்தன பேர் மாட்டுவாங்கனு யாராலயும் சொல்ல முடியாதுல்ல, அதனால கரெக்ஷன்ஸ் ஒரு வாய்ப்பாடு வச்சிருக்காங்க: புதுசா ஒரு இ கிளாஸ் ஃபெலனி வந்தா வருஷத்துக்கு 1 ஆள் ஸ்டேட் ப்ரிசனுக்கு, 2 ஆள் ப்ரொபேஷனுக்கு (உள்ள போகாம வெளிய கண்காணிப்புல இருக்கறது), டி கிளாஸ்னா 3 ஆளும் 5 ஆளும். ப்ரொபேஷன் ஆபீசருக்கு சராசரி 51 கேஸ்னு வச்சுக்குவாங்க, ஒரு ஏரியால 51 கேஸ் கூடுனாதான் புதுசா ஒரு ஆள் வேலைக்கு எடுக்குற செலவு ஏறும். ப்ரிசன்லயும் அப்டித்தான், நாலஞ்சு பேர் கூடுனா சாப்பாடு, துணி, மருந்து செலவு மட்டும்தான் கூடும், அதுக்குனு புது பிளாக் கட்டப்போறதில்ல, காவலுக்கு ஆள் போடப்போறதில்ல. ஒரு கைதிக்கு இவ்ளோ செலவுனு மொத்தமா வகுத்து ஒரு பெரிய நம்பர் சொல்வாங்க பாருங்க, அத அப்டியே ஆள் கணக்கால பெருக்குறது தப்பு. உங்க கூட வேலை பாக்குறவர் சொன்ன சோறு கணக்கு இதுல ரொம்ப சின்ன துண்டு.

இதுல நிறைய பேர் கவனிக்காதது என்னன்னா மொத தடவ மாட்டுறவன்தான் அதிகமா இருப்பான், அவனுக்கு மிஸ்டிமீனர், அவன் இருக்கப்போறது கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஜெயில்ல. சட்டம் போட்டது ஸ்டேட், உள்ள வச்சு பாத்துக்கறது கவுண்டி. ஜெயில் தண்டன வரக்கூடிய கேஸ்ல வக்கீல் வைக்க வசதி இல்லாதவனுக்கு அரசாங்கம் வக்கீல் குடுத்தே ஆகணும், 1963ல சுப்ரீம் கோர்ட் கிடியன் தீர்ப்புல ஃபெலனிக்கு சொன்னத 1972ல மிஸ்டிமீனருக்கும் நீட்டிட்டாங்க, அதனால பப்ளிக் டிஃபெண்டர் மேல பாரம் ஏறத்தான் செய்யும். ஃபைன் காசு போலீசுக்கோ ஜெயிலுக்கோ போகாது, மிசௌரி அரசியலமைப்புப்படி அது பள்ளிக்கூட நிதிக்கு போகுது. அதனால ஃபைன வாங்கி செலவ ஈடு கட்டலாம்ங்கறதும் நடக்காது.

நைட் ஷிப்ட் நர்ஸ்:
மேல சொன்ன கணக்கு எல்லாம் சரி, ஆனா அந்த நோட்டுல ஒரு பக்கம் காலியா இருக்கே அண்ணா. சுடாம இருந்தா மிச்சமாகுற காசு எங்க?

நான் ட்ராமா வார்டுல இருக்கேன். தலைல தோட்டா பட்டு வர்ற ஒரு ஆளுக்கு ட்ராமா டீம் மொத்தமும் இறங்கும், ஆபரேஷன், ஐசியு, அப்பறம் மாசக்கணக்குல ரீஹாப், சில பேர் வாழ்நாள் முழுக்க வீல்சேர். கைல காசு இல்லாதவங்களோட பில் ஏழைங்களுக்கான அரசு காப்பீடு மெடிக்கெய்ட்ல போகும் இல்லனா ஆஸ்பத்திரி நட்டக்கணக்குல போகும், ரெண்டும் கடைசில மத்தவங்க தலைலதான். ப்யூர்ட்டோ ரிக்கோல 2003 முடிஞ்சு 2004 பொறந்த அந்த ஒரு நியூ இயர்ல மட்டும் மேல சுட்ட தோட்டாவால 19 பேருக்கு அடி, அதுல ஒருத்தர் இறந்துட்டாங்கனு சிடிசி (அமெரிக்க நோய்த்தடுப்பு மையம்) அறிக்கையே இருக்கு. 19 ட்ராமா கேஸ் ஒரே நேரத்துல வந்தா என்ன ஆகும்னு எனக்கு தெரியும். மேல போறது வேகம் குறைஞ்சுதான் கீழ வருதுனு சமாதானம் சொல்றவங்க இருக்காங்க, மண்டை ஓட்ட துளைக்க அந்த வேகமே போதும், சாய்வா சுட்டிருந்தா இன்னும் வேகமாவே வரும்.

ஒரு உயிர பட்ஜெட்ல எந்த வரிசைல எழுதுவீங்க? அரிசோனால 1999ல ஃபீனிக்ஸ்ல ஷானன் ஸ்மித்னு 14 வயசு பொண்ணு, வீட்டு பின்பக்கம் நின்னு ஃபோன் பேசிட்டிருந்தப்ப இப்டித்தான் போயிட்டா, அடுத்த வருஷமே அங்க நேரா ஃபெலனி ஆக்கிட்டாங்க. மிசௌரிக்கு 13 வருஷம் ஆச்சு.

வரி கட்டுறவன்:
நர்ஸ் மேடம் சொல்றத நான் மறுக்கல, என் வீட்டுலயும் ரெண்டு குழந்தைங்க இருக்கு. ஆனா சட்டம் இருந்தா மட்டும் சுடுறது நிக்காதுங்க. தண்டன எவ்ளோ பெருசுங்கறத விட மாட்டுவோம்ங்கற பயம்தான் ஆள நிறுத்தும், அந்த பயத்த உண்டாக்குறதுக்குத்தான் நெசமான செலவு, அது ஃபிஸ்கல் நோட்டுலயே வராது. ராத்திரி 12 மணிக்கு ஊர் முழுக்க பட்டாசு வெடிக்குது, அதுக்கு நடுவுல எந்த சத்தம் துப்பாக்கினு கண்டுபுடிக்கணும், ஆள் போகணும், காலி தோட்டா உறைய பொறுக்கணும், லேப்ல ஒப்பிடணும், பாத்தேன்னு சொல்ல ஒருத்தன் வரணும்.

சிகாகோவ பாருங்க, சத்தத்த வச்சு எடம் காட்டுற ஷாட்ஸ்பாட்டருக்கு 2018ல 3 வருஷத்துக்கு 33 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டாங்க. 2021ல அந்த ஊர் நிர்வாகத்த தணிக்கை பண்ற இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீசே ஆராய்ஞ்சு பாத்து, வந்த அலர்ட்டுல துப்பாக்கி குற்றத்துக்கு ஆதாரம் கெடச்சது பத்துல ஒண்ணு கூட தேறலனு எழுதுனாங்க, 2024ல நிறுத்தியே போட்டாங்க. அதனால நான் கேக்குறது, ஃபெலனி ஃபெலனினு மேல அடுக்கிட்டு போறத விட, ஜூலை 4க்கும் நியூ இயருக்கும் போற ஓவர்டைம் காச ஒழுங்கா குடுங்க. வருஷத்துல ரெண்டு ராத்திரிதானே.

கோர்ட் குமாஸ்தா:
ரெண்டு ராத்திரி மட்டும்னு சொல்ல முடியாது ப்ரோ, ஆனா மீதிய ஒத்துக்கறேன். மொத தடவ மாட்டுறவன் மேல உருப்படியா கேஸ் நடந்தாதான் இந்த சட்டத்துக்கே அர்த்தம், ரெண்டாவது மூணாவது படிக்கு ஆள் வராம இருந்தா ஸ்டேட் செலவும் ஏறாது. அந்த மொத படிக்கு காசு குடுக்கற பொறுப்பு ஊர் போலீஸ் மேலயும் கவுண்டி மேலயும் இருக்குங்கறதுதான் சிக்கல்.

நிலா அம்மா, அந்த தோட்டாவ போலீஸ்ல குடுத்தீங்களா?

நிலா அம்மா:
இல்லண்ணா, குடுக்கல. ஒரு தோட்டாவ வச்சு என்ன பண்ணப்போறாங்கனு ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு மேசை ட்ராயர்ல வச்சிட்டேன். இன்சூரன்ஸ்ல டிடக்டிபிள (மொதல்ல நாங்களே போடவேண்டிய தொகை) விட ரிப்பேர் கம்மினு கை விரிச்சிட்டாங்க, கூரை காசு எங்க கைலேந்துதான் போச்சு, இதையும் செலவு கணக்குல யாரும் சேக்கலனு இப்பதான் தோணுது.

கோர்ட் குமாஸ்தா:
குடுத்துடுங்க. ஆள் மாட்டலனாலும் உங்க தெருவுல விழுந்துச்சுனு ஒரு ரிப்போர்ட் நம்பராவது இருக்கும். அடுத்த ஜூலைக்கு எந்த ஏரியாவுக்கு வண்டி அனுப்பணும்னு பாக்குறப்ப புகார் இல்லாத தெரு கண்ணுலயே படாது. அவசர நம்பர் 911 வேணாம், போலீசோட அவசரமில்லாத புகாருக்கான நம்பருக்கு பண்ணுங்க. ரூஃபர் எடுத்த ஃபோட்டோவையும் சேத்து குடுங்க.

நிலா அம்மா:
சரிண்ணா, நாளைக்கு காலைல பாப்பாவ ஸ்கூல்ல விட்டுட்டு நேரா போறேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.