எழுத்தின்படியா, ஆவியின்படியா? மத்தேயு 19-இன் இரண்டு வசனங்கள்

பெரோயா
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். "வசனத்தை எழுதியிருக்கிறபடியே எடுத்துக்கொள், உன் புத்தியைக் கலக்காதே" என்று நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறோம். அமெரிக்காவின் டென்னசியில் ஜார்ஜ் ஹென்ஸ்லி என்ற பிரசங்கியார் மாற்கு 16:18-ஐ அப்படித்தான் எடுத்துக்கொண்டார். "சர்ப்பங்களை எடுப்பார்கள்" என்று இருக்கிறது அல்லவா? ஆராதனையிலேயே விஷப்பாம்பைக் கையில் பிடித்தார், பலரையும் பிடிக்க வைத்தார். ஆட்கள் சாகவே 1947-இல் அந்த மாநிலம் அதைத் தடை செய்தது. 1955-இல் புளோரிடாவில் அவரும் பாம்பு கடித்துத்தான் இறந்தார். அவர் விசுவாசத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைக் குதிக்கச் சொல்லி சாத்தான் காட்டியதும் வசனம்தானே, தூதர்கள் தாங்குவார்கள் என்ற சங்கீதம் 91? "கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்ற வேறு வசனத்தால் இயேசு அதை மறுத்தார். எந்த வசனம் எந்த நேரத்துக்கு என்று பகுத்து நிதானிக்கும் வரம் இல்லாமல் வேதத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆணிவேர்
பிரதர், பாம்பைக் காட்டி எழுத்தையே பயமுறுத்துகிறீர்கள். எகிப்தின் துறவி அந்தோனியாரை ஏன் விட்டுவிட்டீர்கள்? எகிப்தில் ஒரு வாலிபன் கோவிலுக்குள் நுழைகிற நேரம் மத்தேயு 19:21 வாசிக்கப்படுகிறது: "உனக்கு உண்டானவைகளை விற்று, தரித்திரருக்குக் கொடு." பொருளுரை, பின்னணி என்று எதுவும் தேடவில்லை. வெளியே போய் அப்பன் வைத்த நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டான். அவர் காலத்து ஆயர் அத்தனாசியஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். அவனுக்குப் பக்கத்தில் ஒரு "நிதானிக்கிறவர்" நின்றிருந்தால், "தம்பி, இதற்கு ஆவிக்குரிய அர்த்தம் பற்றில்லாமல் இருப்பதுதான், நிலத்தை வைத்துக்கொள்" என்றுதான் சொல்லியிருப்பார். இன்று கார் வாங்குகிற ஊழியக்காரர் எல்லாருக்கும் அந்த விளக்கம் தயாராக இருக்கிறது.

நிதானம் என்ற பேரில் என்ன நடக்கும் என்பதற்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரம் சாட்சி. ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்தினார் என்று, அந்நகரைக் கைப்பற்றியிருந்த கூட்டத்தின் தலைவர் யான் மத்தைஸ் 1534 ஈஸ்டர் அன்று கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு முற்றுகைப் படைக்கு எதிரே போய் வெட்டுண்டார். அடுத்து வந்தவர் ராஜாவாக முடிசூடிப் பல பெண்களைக் கட்டினார். 1536-இல் அவரையும் கூட இருந்த இருவரையும் கொன்று, உடல்களைத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் லாம்பர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன.

பெரோயா
பல மனைவிகளுக்கு அவர்கள் காட்டியதே பழைய ஏற்பாட்டுப் பிதாக்களை எழுத்தின்படி. அதை விடுங்கள். நீங்கள் திறந்த அதே மத்தேயு 19-இல் ஒன்பது வசனம் மேலே போங்கள். "பரலோகராஜ்யத்தினிமித்தம் தங்களை அண்ணகர்களாக்கிக்கொண்டவர்களும் உண்டு." அண்ணகர் என்றால் ஆண்மை நீக்கப்பட்டவர். இதை எழுத்தின்படி எடுத்து, ஆதிசபையின் வேத அறிஞர் ஓரிகன் வாலிபத்தில் தன் உடம்பிலேயே செய்துகொண்டார் என்று சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார். பிற்காலத்தில் மத்தேயுவுக்கு உரை எழுதும்போது அதே ஓரிகன் அப்படி வாசிப்பது தவறு என்கிறார்.

ஒரே அதிகாரம், பேசியவரும் ஒருவரே. அந்தோனியார் கீழ்ப்படிந்தது சரி, ஓரிகன் செய்தது தவறு என்று நீங்களும் சொல்வீர்கள். எதை வைத்துச் சொல்வீர்கள்? வசனத்தில் அந்த வித்தியாசம் எழுதியில்லை. ஆதிசபையின் ஆயர் அகஸ்டின் ஒரு அளவுகோல் தந்தார்: தேவ அன்பையும் பிறரன்பையும் கட்டியெழுப்பாத வாசிப்பு வேதத்தைப் புரிந்துகொண்ட வாசிப்பே அல்ல. எனக்கு அது போதும்.

ஆணிவேர்
அந்த அளவுகோலை வைத்திருந்த கையே என்ன செய்தது என்று பாருங்கள். விருந்துக்கு ஆட்களை வருந்திக் கூப்பிடச் சொல்லும் லூக்கா 14:23-ஐக் காட்டி, வட ஆப்பிரிக்காவில் பிரிந்துபோன டொனாட்டிஸ்டுகளை அரசாங்கத்தின் கட்டாயத்தால் சபைக்குள் கொண்டுவருவது சரி என்று வாதாடியவர் அதே அகஸ்டின். அதற்கு அவர் சொன்ன காரணமும் அன்புதான்! உவமையை உவமையாக விட்டிருந்தால் போதும்.

மத்தேயு 19:12 "உண்டு" என்றுதான் சொல்கிறது, "செய்" என்று சொல்லவில்லை. 19:21 "விற்று, கொடு" என்கிறது. எழுத்தைச் சரியாக வாசித்தாலே ஓரிகனுக்கு அந்த நிலை வந்திருக்காது. ஹென்ஸ்லிக்கும் இதே பதில்தான்: அது வாக்கு, கட்டளை அல்ல.

விளக்குத்தண்டு
நான் நர்ஸ், சண்டைக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஊழியக்காரர் யாக்கோபு 5:14-ஐச் சொல்லி ஒரு அம்மாவின் இன்சுலினை நிறுத்த வைத்தார். மூன்றாம் நாள் மூச்சு வாங்க, வாயில் பழ வாடையோடு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வசனத்தில் எண்ணெய் இருக்கிறது, ஜெபம் இருக்கிறது, மூப்பர் இருக்கிறார்கள். மருந்தை நிறுத்து என்று எங்கே இருக்கிறது? ஆணிவேர் அண்ணன் சொன்னது இங்கே சரி.

ஆனால் அந்த ஊழியக்காரர் தனக்கு வெளிப்பாடு வந்ததாகவும் சொன்னார். அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். தீர்க்கதரிசிகள் பேசும்போது "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்கிறது 1 கொரிந்தியர் 14:29. நிதானிப்பது பேசுகிறவர் வேலை இல்லை, கேட்டுக்கொண்டிருக்கிற சபையின் வேலை. அந்த அறையில் இருந்த பெண்களுக்கு அது தெரிந்திருந்தால் ஒருத்தியாவது வாய் திறந்திருப்பாள்.

பெரோயா
சிஸ்டர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். எருசலேமில் நடந்ததும் அதுதான். ஆதியாகமம் 17-இல் விருத்தசேதனம் (சுன்னத்து) நித்திய உடன்படிக்கை, கட்டளையாகவே இருக்கிறது. ஆனாலும் அப்போஸ்தலர் 15-இல் சபை கூடி, யூதரல்லாத புறஜாதியாருக்கு அது வேண்டாம் என்று தீர்மானித்து, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதியது. இதை எழுத்தை மட்டும் வைத்து எப்படி விளக்குவீர்கள், பிரதர்?

ஆணிவேர்
அந்தக் கூட்டத்தில் யாக்கோபு, புறஜாதியாரும் கர்த்தருடைய நாமம் தரிக்கப்பட்டவர்கள் என்கிற ஆமோஸ் 9-ஐ எடுத்து வாசித்த பிறகுதான் அந்தத் தீர்மானம் வந்தது. வசனத்துக்கு வசனம் சாட்சி. எழுத்தை விட்டு ஒரு அடி நகரவில்லை.

பெரோயா
ஆமோஸ் 9-இல் விருத்தசேதனம் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆதியாகமத்தில் அத்தனை தெளிவாக இருக்கும்போது, அங்கே இருந்த அத்தனை பேரும் ஆமோஸைப் பிடித்தது ஏன்? புறஜாதியாரான கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் இறங்கியதைப் பேதுரு கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அதற்குப் பிறகுதான் ஆமோஸ் அவர்கள் கண்ணில் பட்டது.