காதுகுத்துப் பத்திரிகை யார் யாருக்கு வரல?

செந்தில்: பத்திரிகையை நேத்தே வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல எல்லாருக்கும் போட்டுட்டேன். வந்துச்சா?

மல்லிகா அத்தை: வரல

குமார்: எனக்கும்

மல்லிகா அத்தை: எங்க வீட்ல ஒருத்தருக்கும் வரல. வளைகாப்புக்கும் இதே கதைதான்

செந்தில்: அத்தை, வேணும்னு செய்யல 🙏

கவிதா: அண்ணா, உன் புது நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்கு பிராட்காஸ்ட் போகாது. ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான் வேற

கவிதா: அண்ணியோட தம்பிக்கும் வரலையாம். மடியில உட்கார வைக்கிற தாய்மாமன்!!

மல்லிகா அத்தை: அடப்பாவி

பெரியப்பா: பிராட்காஸ்ட்ங்கிற சொல்லே இங்கிலாந்து வயல்ல இருந்து வந்ததுதான். 1920-கள்ல ரேடியோ ஒலிபரப்புக்கு எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி பிராட்காஸ்ட்னா விதையைக் கையால அகலமா வீசி விதைக்கிறது. கூடையைத் தோள்ல மாட்டி இடுப்போட அணைச்சுக்கணும். நடைக்கு ஏத்தாப்புல பிடி பிடியா எடுத்து, கை அரைவட்டமா வீசணும். நடை தப்பினா ஒரு பட்டை வெறுமையா நிக்கும், பக்கத்துப் பட்டையில நெருக்கமா முளைக்கும். வீசினதும் பல்லு வச்ச சட்டத்தைக் குதிரையில கட்டி இழுத்து மண்ணு மூடணும். மூடாதது பறவைக்கு.

செந்தில்: பெரியப்பா கறி எத்தனை கிலோ சொல்லட்டும்?

பெரியப்பா: இரு தம்பி. வீசினா ஆழம் ஒண்ணுபோல இருக்காது. மேல கிடக்கிறது காயும், ஆழத்துல போனது வெளிய வராது. வரிசை இல்லாததால களைக்கொத்து போடவும் வழியில்ல. அதுக்குத்தான் 1701 வாக்குல ஜெத்ரோ டல்னு ஒரு இங்கிலாந்து விவசாயி குதிரை இழுக்குற விதைக்கருவி செஞ்சாரு. முன்னாடி சால் கீறும், பெட்டியில இருந்து உருளை வழியா விதை அளவா இறங்கும், பின்னாடி மண்ணு மூடும். ஒரே நேரத்துல மூணு வரிசை.

குமார்: இங்க நெல் தரிசுல போடுற உளுந்துக்கு இன்னும் வீச்சுதான் மாமா

பெரியப்பா: சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, மண்ணு மெழுகுப்பதத்துல ஈரமா இருக்கப்போ, ஏக்கருக்கு 10–12 கிலோ. தண்ணி நின்னா விதை அழுகும், மண்ணு காஞ்சா முளைக்காது. ஈரம் ஜாஸ்தியா இருக்கப்போ அறுப்பு மெஷினை இறக்கினா தடம் பூரா முளை நசுங்கிடும்.

மல்லிகா அத்தை: விழாத இடத்துக்கு என்னண்ணே பண்றது

பெரியப்பா: முதல்லயே விதையை ரெண்டு பங்காப் பிரிச்சுடணும்மா. ஒரு பங்கு நெடுக்க, ஒரு பங்கு குறுக்க.

கவிதா: அண்ணா நீயும் குறுக்க ஒரு சுத்து போன் போடு 😀

செந்தில்: போடுறேன். மச்சான் வீட்டுக்கு?

மல்லிகா அத்தை: போன் எல்லாம் ஆகாது. தாம்பூலத்தோட நேர்ல போகணும், கூட ஒரு பெரியவங்க வேணும்

செந்தில்: பெரியப்பா ஞாயிறு வர்றீங்களா?

பெரியப்பா: சாயந்திரம்னா பாக்கலாம்

குமார்: கறி முடிவாச்சா?

கவிதா: எத்தனை தலைன்னே தெரியலையே