முதல் ஓட்டு: இரண்டு கை விரலிலும் மை

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு அப்போது 19 வயது, முதல் ஓட்டு. எங்கள் ஊர் வேடசந்தூர் பக்கம். மாவட்டம் திண்டுக்கல் என்றாலும் எம்.பி. தேர்தலில் நாங்கள் கரூர் தொகுதி. அந்த முறை கரூரில் 54 பேர் நின்றார்கள். மாநிலத்திலேயே அதிகம் அதுதான். ஒரு மெஷினில் 16 பெயர்தான் ஏறும். 54 பேரோடு நோட்டாவும் சேர்ந்தால் 55. அதனால் எங்கள் பூத்தில் வரிசையாக நான்கு மெஷின் வைத்திருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லக் காரணம் என் அப்பா.

அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தவர். சர்க்கரையில் கண் போய்விட்டது. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது ஒரு கண்ணில் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது. கொரோனாவுக்காகக் கொடுத்த பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு, மெஷின் மேல் முகத்தை வைத்துத் தேடி, தானே போட்டுவிட்டு வந்தார். அடுத்த மூன்று வருஷத்தில் அதுவும் போனது. இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

அவர் யாருக்கு ஓட்டுப் போடுவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது. மில் காலத்தில் மேஸ்திரியும் கேட்பாராம், சங்கத்து ஆட்களும் கேட்பார்களாம். எல்லோருக்கும் ஒரு சிரிப்புதான் பதில். "கேட்டா சொல்ற விஷயமா அது" என்பார். அப்படிப்பட்டவருக்கு இனி ஓட்டுப் போட இன்னொருவரின் கண் வேண்டும் என்று ஆகிவிட்டது.

மார்ச் மாதம் பட்டியல் சரிபார்க்க வந்த அங்கன்வாடி அக்கா, 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ளவர்களும் இந்த முறை வீட்டிலிருந்தே போடலாம், 12டி படிவம் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "நடக்க முடியுதுல்ல தாயி. பூத்துக்கே வர்றேன்."

தேர்தலுக்கு முந்தின ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார், "நாளைக்கு நீ வர்றியா, எங்கூட உள்ள?" அம்மா பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் என்னைக் கேட்டார் என்று அப்பா சொல்லவே இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: இத்தனை வருஷம் சொல்லாததை இப்போது அம்மாவிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அம்மா ஒருபோதும் கேட்டதும் இல்லை.

காலையில் ஏழரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அதற்குள் வெயில் ஏறிவிட்டது, சாமியானா பந்தலுக்கு வெளியேயும் கூட்டம் நின்றது. அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். வாசலில் இருந்த போலீஸ்காரர் சாய்வுப் பாதையைக் காட்டி முன்னால் அனுப்பினார். நான் அஞ்சாம் வகுப்பு படித்த அறைதான் அது. கரும்பலகையில் பாடத்துக்குப் பதில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருந்தார்கள்.

முதல் அதிகாரி அப்பாவின் வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் கோடு போட்டார்கள். அப்பா நேராக நின்றுகொண்டார், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பது மாதிரி. இரண்டாவது மேசையில் அவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்தார்கள். பதிவேட்டில் கைநாட்டு வைத்தால் போதும் என்றார் அந்த மேசையில் இருந்த அம்மா. அப்பா, "கையெழுத்துப் போடுவேங்க" என்றார். அந்த அம்மா ஒரு நொடி யோசித்தார். பிறகு ஒரு மர ஸ்கேலை எடுத்துக் கோட்டுக்கு அடியில் வைத்து, அப்பாவின் பேனா முனையை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினார். எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டாலும் கோட்டைத் தாண்டாமல் தன் பெயரை எழுதி முடித்தார். அந்த ஸ்கேலை எடுக்கத் தோன்றியதே அந்த அம்மாவுக்கு, அதை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் தலைமை அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு படிவம் கொடுத்தார். துணைக்கு வருபவரின் உறுதிமொழி. 18 வயது ஆகியிருக்க வேண்டும். அன்றைக்கு வேறு எந்த வாக்காளருக்கும் எந்த பூத்திலும் துணையாகப் போயிருக்கக் கூடாது. இவருக்காகப் பதிவு செய்யும் வாக்கை ரகசியமாக வைத்திருப்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் போட்டேன். கல்லூரியில் எத்தனையோ படிவத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இதில் அப்படி முடியவில்லை. பிறகு என் வலது ஆட்காட்டி விரலை நீட்டச் சொன்னார்கள். துணைக்குப் போகிறவருக்கு வலது கையில் மை வைப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் ஓட்டுக்கான மை விரலில் ஏறுவதற்கு முன்னால் அப்பாவின் ஓட்டுக்கான மை ஏறிவிட்டது.

மறைப்புக்குள் போனதும் அப்பா என் காதுப் பக்கம் குனிந்தார். ஒரு சின்னத்தின் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான், ஒரே ஒரு சொல். மெஷினின் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெய்ல் எண் உண்டு. ஆனால் அப்பாவுக்குக் கண் போனது வயதான பிறகு, பிரெய்ல் படிக்கத் தெரியாது. அவர் ஆட்காட்டி விரலைப் பிடித்து மெஷினின் மேல் ஓரத்தில் வைத்தேன். அங்கிருந்து பொத்தான் பொத்தானாக இறக்கிக்கொண்டு வந்தேன். எந்த மெஷின், எத்தனையாவது பொத்தான் என்று இங்கேயும் எழுத மாட்டேன். "இதுதான்ப்பா" என்றதும் என் கையை விலக்கிவிட்டு அவரே அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு வந்து நின்றது. எண், பெயர், சின்னம். ஏழு விநாடி நிற்கும். "வந்துச்சா?" என்றார். "நீங்க சொன்னதுதான்ப்பா." சீட்டு அறுந்து விழுந்தது, பீப் சத்தம் நீளமாகக் கேட்டது. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர் நகரவில்லை.

அடுத்தது என் பெயர். இடது விரலில் மை, கையெழுத்து, சீட்டு, மூன்றாவது அதிகாரி மெஷினை அடுத்த ஓட்டுக்குத் தயாராக்கும் பொத்தானை அமுக்கி, "போம்மா" என்றார். என் ஓட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாருக்கு என்று முன்னமே முடிவு செய்திருந்தேன். ஆனாலும் நான்கு மெஷினையும் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை வாசித்தேன். அப்பாவால் வாசிக்க முடியாமல் போனதை நானாவது முழுதாக வாசிக்க வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்ததும் இரண்டு கையிலும் மையைப் பார்த்துவிட்டுத் தெருக்காரர்கள் விசாரித்தார்கள். விளக்கம் சொன்னேன். சாயந்தரம் சித்தப்பா வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "அண்ணன் எந்தச் சின்னத்துக்குப் போட்டாரு, உனக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று கேட்டார். அப்பா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். விசிறிச் சத்தம் நின்றுவிட்டது. "அது அப்பா ஓட்டு சித்தப்பா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து விசிறி மறுபடி அசையும் சத்தம் கேட்டது.

• • •

தங்கை எழுதியதைப் படித்துவிட்டு என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முதல் ஓட்டு 2019-இல் மதுரையில். ஏப்ரல் 18, சித்திரைத் திருவிழாத் தேரோட்டமும் தேர்தலும் ஒரே நாள். அதனால் மதுரைக்கு மட்டும் ராத்திரி எட்டு மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். தேர் பார்த்துவிட்டு வந்த கூட்டத்தோடு கூட்டமாக நானும் என் விடுதித் தோழியும் போனோம்.

உள்ளே ஒரு அதிகாரி, "சின்னத்தைச் சொல்லும்மா, நான் அமுக்கிடறேன்" என்றார். ஏஜெண்டுகள் எல்லாம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! கெட்ட எண்ணத்தில் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை, உதவி என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் துணைக்கு யார் வர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியது வாக்காளர். துணையே வேண்டாம் என்று சொல்லவும் உரிமை உண்டு. "பிரெய்ல் பட்டியல் இருக்கும் சார், அதைக் கொடுங்க" என்றேன். அப்படி ஒன்று வந்திருப்பதே அங்கே யாருக்கும் தெரியவில்லை. சாமான் மூட்டையைப் பிரித்துத் தேடி, கவர்களுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காது கேட்காத மாதிரி நின்றேன்.

பட்டியலை விரலால் முழுக்க வாசித்தேன். எண்ணை மனதில் வைத்துக்கொண்டு தனியாக மறைப்புக்குள் போனேன். பொத்தானுக்குப் பக்கத்துப் புள்ளிகளைத் தடவி, அதே எண்தானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு அமுக்கினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடிக்குள் வரும் சீட்டை எனக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள்? பீப் சத்தம் ஓட்டு விழுந்ததைச் சொல்லும், யாருக்கு விழுந்தது என்று சொல்லாது. மற்ற எல்லோருக்கும் கொடுத்திருக்கும் அந்த ஏழு விநாடி எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. காதில் மாட்டிக் கேட்கும்படி ஒரு வசதி செய்யக் கூடாதா? அப்பாவுக்கு நீ வாசித்துச் சொன்னாயே தங்கச்சி, அந்த இடம் எனக்குத் தொண்டையை அடைத்தது.

• • •

முதல் ஓட்டில் நான் 1989 பேட்ச். அந்த வருஷம் ஜனவரியில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது எனக்கு 19 வயது. ஓட்டு வயது அப்போது 21. கூட்டங்களுக்குப் போனேன், ராத்திரி முழுக்கப் பேசினேன், ஓட்டு மட்டும் இல்லை. 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மார்ச் 28-இல் அமலுக்கு வந்து வயது 18 ஆனது. நவம்பரில் நாடாளுமன்றத் தேர்தல். பத்து மாதத்துக்கு முன் ஓட்டு இல்லாதவன் கையில் சீட்டு வந்துவிட்டது.

அப்போது மெஷின் கிடையாது, காகிதச் சீட்டுதான். அம்புக்குறிகள் சிலுவையாக நிற்கும் ரப்பர் முத்திரையை மையில் தொட்டுச் சின்னத்துக்கு நேரே குத்த வேண்டும். எங்கள் ஐயா வீட்டிலேயே பழைய பஞ்சாங்கத் தாளைக் கிழித்து மடிக்கப் பழக்கிவிட்டார். முதலில் நெடுக்காக மடி, அப்புறம் குறுக்காக. மாற்றி மடித்தால் ஈர மை இன்னொரு சின்னத்தின் மேலும் பதிந்து ஓட்டுக்குச் சிக்கல் வரும் என்று நான்கைந்து தடவை மடித்துக் காட்டச் சொன்னார். பழக்கிவிட்ட மனுஷர், யாருக்குக் குத்தப் போகிறாய் என்று கடைசிவரை கேட்கவில்லை. பூத்தில் சீட்டை ஊதி ஊதிக் காயவைத்து மடித்தேன். பெட்டியின் வாயில் போட்ட பிறகும் பாதி வெளியே தெரிந்தது, விரலால் தள்ளிவிட்டேன். உள்ளே மற்ற சீட்டுகள்மேல் விழுந்த சத்தம் கேட்டது.

அம்மாடி, ஒன்று கேட்க வேண்டும். உன் சித்தப்பா அதோடு விட்டுவிட்டாரா?

• • •

இல்லை அண்ணே, விடவில்லை. ஜூன் 4-ஆம் தேதி முடிவு வந்த அன்று காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சுற்றையும் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். என் வலது விரல் நகத்தில் மை அப்போது மேலே ஏறிவிட்டிருந்தது, அடி நகம் வெள்ளையாக வளர்ந்திருந்தது. கரூர் நிலவரம் வரும்போதெல்லாம் சித்தப்பா டிவியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது சுற்றோடு நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் பாதி வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார்.