எல்க் வேட்டைக்குத் துணைத் துப்பாக்கி: 10 மிமீ பிஸ்டலா, .44 மேக்னம் ரிவால்வரா?

மலைச்சாரல்:
வணக்கம். மொன்டானாவுக்குக் குடிவந்த பிறகு எல்க் மான் வேட்டையில் இறங்கிவிட்டேன். அக்டோபர் கடைசியில் ரைஃபிள் சீசன் தொடங்கியதும், நண்பர் ஒருவரோடு கேலட்டின் மலைத்தொடரில் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறேன். யெல்லோஸ்டோனுக்கு வடக்குப் பக்கம், கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம். கையில் .30-06 ரைஃபிள் இருக்கும். ஆனால் மானை வீழ்த்தியபின் தோலுரித்து, தொடை, சப்பை என்று கூறு போட இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அவ்வளவு நேரமும் ரைஃபிள் மரத்தில் சாய்ந்து நிற்கும், ரத்த வாடை காற்றில் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் ஒரு கைத்துப்பாக்கி தேடுகிறேன்.

இரண்டில் ஒன்று என்று வந்து நிற்கிறேன். ஒன்று கிளாக் 20, 10 மிமீ தோட்டா போடும் பிஸ்டல். மற்றது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329பிடி, .44 மேக்னம் ரிவால்வர். ரிவால்வர் வெறும் 700 கிராம் சொச்சம்தான். முதுகில் இறைச்சியோடு மலை ஏறி இறங்குகிறவனுக்கு அந்த எடைமேல் ஆசை வரத்தான் செய்கிறது. உங்கள் கருத்து?

ஆறுதோட்டா:
.44 தான் தம்பி, யோசிக்க ஒன்றும் இல்லை. 1955-லிருந்து மலைக்காட்டில் புழங்கும் தோட்டா. 240 கிரெயின் எடையுள்ள குண்டு, ஆயிரம் அடி-பவுண்டுக்குச் சற்று முன்பின் ஆற்றல். 300 கிரெயின் கடின ஈயக் குண்டும் கிடைக்கிறது, அது எலும்பை உடைத்துக்கொண்டு உள்ளே போகும். நீங்கள் சொல்லும் 10 மிமீ 650-ஐத் தொட்டாலே பெரிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கரடி மேலே விழுந்துவிட்டது என்று வையுங்கள். பிஸ்டலின் முனையை அதன் உடம்பில் அழுத்தினால் அதன் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சுடாமலே போகலாம். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே அழுத்தினாலும் விசையை இழுத்தால் வெடிக்கும்.

ஆனால் 329 வேண்டாம். ரூகர் சூப்பர் ரெட்ஹாக் அலாஸ்கன் பாருங்கள். இரண்டரை அங்குல பேரல், ஒன்றேகால் கிலோ. அந்தக் கனம்தான் சுடும்போது கையில் விழும் உதையை வாங்கிக்கொள்ளும்.

பதினைந்து_பிளஸ்_ஒன்று:
அண்ணா, காகிதத்தில் ஆற்றல் கணக்குப் போட்டால் .44 ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் .30-06 ரைஃபிள் 2,800 அடி-பவுண்டு தருகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் நம் இரண்டுமே சின்னவைதான். கைத்துப்பாக்கி கரடியை வெறும் அடியால் சாய்க்காது. மூளையிலோ முதுகெலும்பிலோ பட்டால்தான் உடனே நிற்கும். அப்படியானால் எந்தத் துப்பாக்கியில் நடுங்கும் கையோடு இரண்டாவது, மூன்றாவது குண்டைச் சரியான இடத்தில் வைக்க முடியும் என்பதுதானே கேள்வி?

கிரீன்லாந்தில் டென்மார்க்கின் சிரியஸ் நாய்வண்டி ரோந்துப் படை இருக்கிறது. பனிக்கரடிகளுக்கு நடுவில் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள். அவர்கள் இடுப்பில் இருப்பது கிளாக் 20. ரைஃபிளாகப் பழைய .30-06 எம்1917. சும்மா எடுத்துக்கொண்டு போகவில்லை.

329-ஐப் பற்றி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இவ்வளவு இலேசான ரிவால்வரில் கனமான குண்டைச் சுட்டால், அந்த உதையில் சிலிண்டரில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் ஈயம் தன் கூட்டிலிருந்து முன்னுக்கு நழுவி வரும். கொஞ்சம் அதிகமாக வெளியே வந்தால் சிலிண்டர் சுழலாது. ரிவால்வர் மாட்டிக்கொள்ளாது என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆறுதோட்டா:
கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கும்படி நன்றாகக் கிரிம்ப் செய்த தோட்டாவில், கனமான ரிவால்வரில், அது அபூர்வம். 329 வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேனே.

கிளாக்கில் பதினாறு தோட்டா பிடிக்கும் என்ற கணக்குக்கு வருகிறேன். கிரிஸ்லி மணிக்கு 35 மைல் ஓடும். 30 கெஜத்தில் புதரிலிருந்து கிளம்பினால் உங்களுக்கு இரண்டு நொடி. அதில் உறையிலிருந்து எடுத்து எத்தனை சுடுவீர்கள்? இரண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் மூன்று. மீதிப் பதின்மூன்றைக் கரடிக்கு எண்ணிக் காட்டவா? கீழே விழுந்து, ஒரு கை கரடி வாயில் இருக்க, மற்றக் கையால் தளர்வாகப் பிடித்துச் சுட்டால் பிஸ்டல் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் நின்றுவிடும். ஸ்லைடில் ஜாக்கெட் சிக்கினாலும் கதை முடிந்தது.

மிளகாய்த்தூள்:
இருவரும் சண்டை போடுவதை ரசித்துப் படித்தேன். கரடியை விரட்ட அடிக்கும் மிளகாய்க் காரமான கரடி ஸ்ப்ரே பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

டாம் ஸ்மித்தும் ஸ்டீபன் ஹெரேரோவும் வேறு சிலரும் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் ஒரு கட்டுரை போட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் (கிரிஸ்லியும் அதே இனம்தான்) ஸ்ப்ரே 92 சதவீதம் வேலை செய்திருக்கிறது. அடித்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. 2012-ல் துப்பாக்கி பற்றி, 269 சம்பவங்களோடு, இன்னொரு கட்டுரை. அதில் கைத்துப்பாக்கிக்கு 84, ரைஃபிள் வகைக்கு 76 சதவீதம். துப்பாக்கி கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் காயம்படுவதில் வித்தியாசம் தெரியவில்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஸ்ப்ரே ஒரு பவுண்டுகூட இல்லை. குறி பார்க்கத் தேவையில்லை, முன்னால் மேகமாகப் பரவும். கரடியும் சாகாது.

பதினைந்து_பிளஸ்_ஒன்று:
அக்கா, இந்த எண்களை எல்லோரும் காட்டுகிறார்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஸ்ப்ரே கட்டுரையில் கூடாரத்தை மோப்பம் பிடிக்க வந்த, வெறும் ஆர்வத்தில் நெருங்கிய கரடிகளும் சேர்த்தி. துப்பாக்கிக் கட்டுரையில் பெரும்பாலும் பாய்ந்து வந்தவை. அதிலும் 84 சதவீதம் என்றால் கைத்துப்பாக்கிக்கு அது கெட்ட பெயரா? 37-ல் 31. ரைஃபிளைவிட மேல்.

அப்புறம் காற்று. எல்க் வேட்டைக்காரன் எப்போதும் எதிர்க்காற்றில்தான் நகர்வான், மானுக்கு வாடை போகக் கூடாது என்பதற்காக. கரடியும் மானைப் போல முன்னால்தான் எதிர்ப்படும். எதிர்க்காற்றில் ஸ்ப்ரே அடித்தால் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பும். பனிக்குளிரில் டப்பாவின் அழுத்தம் குறைந்து, வீச்சும் சுருங்கும்.

மிளகாய்த்தூள்:
ஒப்பிடுவது சரியல்ல என்பது நியாயமான வாதம். ஆனால் அது உங்கள் பக்கத்துக்கும் பொருந்தும். 37 என்பது சின்ன எண்ணிக்கை. காயமில்லாமல் முடிந்த பல சம்பவங்கள் யாரிடமும் பதிவாவதே இல்லை. குளிருக்கு ஜாக்கெட்டுக்குள் வைத்தால் போதும்.

நான் இன்னொன்றைச் சொல்ல வந்தேன். 2018 செப்டம்பரில் வயோமிங்கின் டீட்டன் வனப்பகுதியில் ஒரு வழிகாட்டி இறந்தார். முந்தின நாள் அம்பு பட்ட எல்க்கைத் தேடிக் கண்டுபிடித்து, கூறு போட்டுக்கொண்டிருந்தபோது கிரிஸ்லி வந்தது. அவரிடம் ஸ்ப்ரேயும் இருந்தது, 10 மிமீ கிளாக்கும் இருந்தது. ஆனால் கிளாக் பைகளோடு தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கூட இருந்தவர் ஓடிப்போய் எடுத்தார், சுட முடியவில்லை, வழிகாட்டியை நோக்கி வீசினார். அவர் கைக்குப் போகவில்லை. மலைச்சாரல் பயப்படும் அதே நிலைமை, அதே தோட்டா. உடம்பில் மாட்டியிருக்கவில்லை என்றால் .44 என்ன, பீரங்கி என்ன?

ஆறுதோட்டா:
இதில் மட்டும் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன் அம்மா. மற்றபடி நான் இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

வடக்குக்காற்று:
நான் ஆல்பர்ட்டாவில் இருக்கிறேன். இந்த விவாதம் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. கனடாவில் வேட்டைக்காரன் இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. பொறிவைத்துப் பிடிக்கும் உரிமக்காரர்களுக்கும், அடர்காட்டில் வேலை செய்யும் சிலருக்கும் மட்டும் தனி அனுமதி உண்டு. 2022 அக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டுவிட்டன. அமெரிக்க நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அலாஸ்கா நெடுஞ்சாலை வழியாக வண்டியில் போகிறீர்கள் என்றால், ரைஃபிளைப் படிவம் நிரப்பிக் கொண்டுவரலாம், கைத்துப்பாக்கியை விட்டுவிட்டு வாருங்கள்.

நாங்கள் ஸ்ப்ரேயோடும், ஸ்லக் (ஒற்றைப் பெருங்குண்டு) போட்ட ஷாட்கன்னோடும் சமாளிக்கிறோம். யாரும் குறைந்துபோய்விடவில்லை.

மான்கறி_மாலை:
சட்டம் பற்றிப் பேச்சு வந்ததால் சில வார்த்தை. அலாஸ்காவும் ஹவாயும் தவிர்த்த 48 மாநிலங்களில் கிரிஸ்லி 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். உயிர் காக்கச் சுடலாம், ஆனால் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணை நடக்கும். அலாஸ்காவில் தற்காப்புக்காகச் சுட்டால் நகங்களோடு தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். யெல்லோஸ்டோன் எல்லைக்குள் கால் வைத்தால், 2010-லிருந்து துப்பாக்கி வைத்திருக்கலாம், ஆனால் சுடுவதற்கு அனுமதி இல்லை.

நம் ஆட்களுக்காக இன்னொன்று. ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு. அந்த உரிமம் காலாவதியாகும் தேதியை மறந்துவிடாதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

மலைச்சாரல்:
நன்றி. கிரீன் கார்டு வந்துவிட்டது, அதனால் கவலை இல்லை. ஸ்ப்ரே ஏற்கெனவே உண்டு, எழுத விட்டுவிட்டேன். சண்டையை நிறுத்திவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இடுப்பில் மாட்டினால் முதுகுப்பையின் பெல்ட் உறையை மூடிவிடுகிறது. மார்பில் மாட்டலாம் என்றால் அங்கே பைனாகுலர் பை இருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?

பதினைந்து_பிளஸ்_ஒன்று:
மார்பு உறைதான். பைனாகுலர் பை மேலே, துப்பாக்கி அதற்குக் கீழே சாய்வாக, விலா எலும்பின் கடைசிப் பகுதியில். பட்டையை இறுக்கிவிட்டுக் குனிந்து, மண்டியிட்டுப் பாருங்கள். கூறு போடும்போது நீங்கள் இருக்கப்போவது அந்த நிலையில்தான். கையுறையோடும் எடுத்துப் பழகுங்கள். ஸ்ப்ரே, பையின் இடுப்புப் பட்டையில் அல்ல, உங்கள் சொந்த பெல்ட்டில்.

வாங்குவதற்கு முன் இரண்டையும் வாடகைக்குக் கொடுக்கும் ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சுட்டுப் பாருங்கள். ஒற்றைக் கையால், இடது கையாலும். பயிற்சித் தோட்டாவால் அல்ல, காட்டுக்கு எடுத்துப்போகும் தோட்டாவால்.

ஆறுதோட்டா:
இதற்கும் ஆட்சேபம் இல்லை. அலாஸ்கனையும் கேளுங்கள், சில இடங்களில் இருக்கும்.

மலைச்சாரல்:
சனிக்கிழமை போய் வந்தேன். அலாஸ்கன் கிடைக்கவில்லை. 329-ல் 300 கிரெயின் போட்டுச் சுட்டேன். முதல் குண்டு சரி. அடுத்ததில் சுடுவதற்கு முன்பே கண் தானாக மூடுகிறது, குண்டு ஒரு அடி கீழே போகிறது. நண்பருக்கும் அதே கதை. கிளாக் 20-ல் 200 கிரெயின் கடின ஈயக் குண்டு, பத்து கெஜத்தில் ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள். இடது கையில் ஒரு முறை தோட்டா ஏறவில்லை. அண்ணன் சொன்னது நடந்தது.

கிளாக்கை வாங்கப்போகிறேன். ஒரு சந்தேகம்: கிளாக்கின் பேரலில் வெறும் ஈயம் சுடக்கூடாது என்று கையேட்டில் இருக்கிறதாமே?

பதினைந்து_பிளஸ்_ஒன்று:
பழைய தலைமுறையில் பேரலின் உட்பக்கம் பலகோண வடிவம், ஈயம் படிந்து அழுத்தம் ஏறும் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள். அதற்காகச் சிலர் தனி பேரல் வாங்கிப் போடுகிறார்கள். 2022-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பேரலின் வெட்டே வேறு. எதுவானாலும் ஈயம் சுட்டபின் பேரலைத் துடையுங்கள். ஒரு பெட்டி முழுக்க ஒரே மூச்சில் சுடாதீர்கள்.

ஆறுதோட்டா:
இடது கையில் நின்றுபோனதை இப்படி ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, தம்பி? ரேஞ்சில், வெயிலில், நின்றபடி சுட்டபோதே அது. பிடியை மாற்றிப் பாருங்கள், தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள். மறுபடியும் நின்றால் இங்கே வந்து எழுதுங்கள். என்னிடம் இருக்கும் அலாஸ்கனைத் தருகிறேன், சுட்டுப் பார்த்துவிட்டுப் பேசலாம்.