ஆச்சி வீட்டுச் சொந்தங்கள்: மீனு வான்கோழி வேட்டைக்குப் போகலாமா?

திங்கள், மார்ச் 24, 2025 (இந்திய நேரம்)

காலை 6:31

கணபதி பெரியப்பா: பங்குனி உத்திரம் ஏப்ரல் 11 வெள்ளி. சாஸ்தா கோயில் வரி தலைக்கட்டுக்கு 2,000. இதுவரை கட்டியது நான்கு பேர்.

செல்வி அத்தை: நாங்கள் கட்டியாச்சு அண்ணே

சங்கர்: இன்றே அனுப்பிவிடுகிறேன் பெரியப்பா. கூடவே எல்லோரிடமும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஏப்ரல் 12, 13 சனி ஞாயிறு, இங்கே அமெரிக்காவில், மிசோரியில் சிறுவர்களுக்கான வான்கோழி வேட்டை நாட்கள். 6 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு மட்டும். பெரியவர்களுக்கு 21ஆம் தேதிதான் தொடங்கும். பக்கத்து வீட்டு பில் தாத்தா ஆதியையும் மீனுவையும் அழைத்துப்போகிறேன் என்கிறார். ரோலா ஊருக்கு அந்தப் பக்கம் அவர் தம்பியின் பண்ணை இருக்கிறது. நானும் கூடப் போகிறேன்.

செல்வி அத்தை: எந்த மீனு, என் பேத்தியா

முத்து: நம் வீட்டில் எத்தனை மீனு அத்தை

செல்வி அத்தை: கவிதா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே

கவிதா: இப்பதான் பேச்சு வந்தது அம்மா. எதுவும் முடிவாகவில்லை.

சங்கர்: பத்து நாளாகப் பேசுகிறோமே கவிதா

கவிதா: அத்தான்...

செல்வி அத்தை: பத்து நாளா

முத்து: வான்கோழி எத்தனை கிலோ வரும்

சங்கர்: வளர்ந்த சேவல் 8 முதல் 10 கிலோ வரை வரும். பண்ணை வான்கோழி மாதிரி இல்லை முத்து. இது நன்றாகப் பறக்கும். இரவில் உயரமான மரத்தில் அடையும், விடியும்போது இறங்கும்.

முத்து: பிரியாணிக்குத் தாங்குமா

சங்கர்: நெஞ்சுக்கறி தாங்கும். கால்கறியை நெடுநேரம் வேகவைக்க வேண்டும்.

செல்வி அத்தை: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முத்து: நான் படித்துவிட்டேன் அத்தை

நித்யா: நானும். ராமலிங்கம் மாமா காலுக்கு என்ன?

முத்து: ரவை

நித்யா: ரவையா?

முத்து: தோட்டாவுக்குள் இருக்கிற ஈயக் குண்டு. உப்புமா ரவை இல்லை. அடுப்படிக்கு வருகிறேன், சொல்கிறேன்.

காலை 6:58

சங்கர்: அத்தை, நீங்கள் அழித்ததை நானும் பார்த்தேன். நீங்கள் கேட்டது நியாயம்தான். அதனால்தான் ஒளிக்காமல் இங்கே சொல்கிறேன். மாமாவுக்கு நடந்ததைத் தாத்தா என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். 1970. தேரிச் செம்மணல் காட்டில் கௌதாரிக்குப் போனார்கள். உடைமரப் புதருக்குப் பின்னால் சலசலப்பு. பறவை என்று நினைத்து அந்தச் சத்தத்தைச் சுட்டுவிட்டார்கள். கண்ணால் பார்த்துச் சுடவில்லை. இங்கே வான்கோழி வேட்டையில் ஆளுக்கு ஆள் அடிபடுவதும் இப்படித்தான். சேவல் கத்துவதுபோல ஒருவர் குரல் கொடுப்பார். இன்னொருவர் அதை நிஜச் சேவல் என்று நம்பிப் பதுங்கி வருவார். அதனால் பில் தாத்தாவின் முதல் பாடமே இதுதான்: குரலைத் தேடிப் போகாதே, இருக்கிற இடத்தில் உட்கார்ந்து பறவையை வரவழை. தலையைப் பார், நெஞ்சில் தொங்கும் தாடியைப் பார், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார். மூன்றையும் பார்க்காமல் விரல் விசைப் பக்கம் போகக் கூடாது.

முத்து: கோழிக்குத் தாடியா

சங்கர்: ஆமாம். நெஞ்சிலிருந்து குதிரைமயிர் மாதிரி ஒரு கற்றை தொங்கும். இந்தப் பருவத்தில் சேவலையோ, தாடி தெரிகிற பறவையையோதான் எடுக்கலாம். முட்டையிடும் பெட்டைகளைக் காப்பாற்றத்தான் இந்தச் சட்டம். பெட்டையிலும் சிலவற்றுக்குத் தாடி உண்டு. சட்டப்படி அதையும் எடுக்கலாம், ஆனால் பில் தாத்தா தொடமாட்டார். சிறுவர் நாட்களில் ஆளுக்கு ஒன்றுதான். எடுத்தால் அன்று இரவு 10 மணிக்குள் வனத்துறைக்குத் தகவல் பதிய வேண்டும்.

முத்து: இரண்டு பிள்ளை, இரண்டு கோழி. கணக்கு சரி.

செல்வி அத்தை: கணக்கா முக்கியம்

நித்யா: கதை கேட்டேன். சுட்டது யார் என்று மட்டும் இவர் சொல்ல மாட்டேன் என்கிறார்.

முத்து: நித்யா

காலை 7:10

கணபதி பெரியப்பா: கோயிலுக்குப் போகிறேன். வரி விஷயம் சாயங்காலம்.

செல்வி அத்தை: அண்ணே சாப்பிட்டுட்டுப் போங்க

கவிதா: அத்தான் இதைக் குழுவில் போட்டிருக்க வேண்டாம்.

சங்கர்: மறைத்துப் போவது எனக்குப் பிடிக்கவில்லை கவிதா. மாமா பேத்தி அவள். அவர் சரி என்று சொல்லாமல் நான் கூட்டிப்போக மாட்டேன்.

பாலா: ஒரு சந்தேகம் அத்தான். மீனு எச்4 விசாவில் இருக்கிறாள், வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுப்பது. குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று ஆபீசில் சொன்னார்கள்.

சங்கர்: நல்ல கேள்வி பாலா. பொதுவாக அப்படித்தான், மத்தியச் சட்டமே தடுக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் விலக்கு உண்டு. இங்கே முறையாகக் கொடுத்த வேட்டை உரிமமோ பர்மிட்டோ கையில் இருந்தால் தடை கிடையாது. அதனால் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் பர்மிட், அப்புறம்தான் சுடுதளம். பர்மிட் வருவதற்கு முன் அவள் பயிற்சிக்குக்கூடத் துப்பாக்கியைத் தொட வேண்டாம். உங்கள் விசா வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கிரீன் கார்டு பாதியில் நிற்கிற நேரம்.

பாலா: வக்கீல் ஒரு மெயிலுக்கே பில் போடுவார்

முத்து: பில் தாத்தாவா

பாலா: அந்த பில் இல்லை

சங்கர்: பணம் ஆனாலும் கேள் பாலா.

நித்யா: பாவம் பறவை. எண்ணிக்கை குறைந்துவிடாதா?

சங்கர்: நித்யா, இதை நீளமாகச் சொல்லியே ஆக வேண்டும். 1950களின் தொடக்கத்தில் மிசோரி முழுக்கத் தேடினாலும் 2,500 காட்டு வான்கோழி இல்லை. காட்டை வெட்டியது, வரம்பே இல்லாமல் சுட்டது, இரண்டும் சேர்ந்து அந்த நிலை. 1954இலிருந்து மிச்சம் இருந்த இடங்களில் வலை போட்டுப் பிடித்து, காடு தேறிய வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள். 1960இல்தான் திரும்ப வேட்டைப் பருவம் திறந்தது. நீண்ட துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. 1937இல் வந்த சட்டப்படி அந்தப் பணம் காட்டுயிர்களைக் காக்கப் போகிறது. ஒரு பெட்டித் தோட்டா வாங்கினாலும் அதில் ஒரு பங்கு காட்டுக்குத்தான்.

முத்து: அங்கேயும் வரி. பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

செல்வி அத்தை: முத்து நீ கட்டினாயா

முத்து: சாயங்காலம் அத்தை

நித்யா: நம் ஊரில் முயல் பிடித்தாலே கேஸ்

சங்கர்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் ஊருக்குத் தேவையான சட்டம். ஊரில் எவனாவது வலையோடு திரிந்தால் நானே புகார் கொடுப்பேன்.

காலை 7:34

செல்வி அத்தை: ஆச்சி கேட்கிறாள், உத்திர விரதம் முடிந்த மறுநாளே உயிரை எடுக்க வேண்டுமா என்று

சங்கர்: ஆச்சியிடம் சொல்லுங்கள் அத்தை, வெள்ளிக்கிழமை நாங்களும் விரதம்தான். சாஸ்தாவுக்குச் சைவப் படையல் போட்டு, அதே கோயிலில் மாடனுக்குக் கிடா வெட்டுகிறவர்கள்தானே நாம். உயிரை எடுத்தால் வீணாக்கக் கூடாது. அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆதி பெட்டியில் வருகிற கோழியை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

செல்வி அத்தை: ஆச்சி சிரிக்கிறாள். கறியில் இஞ்சி நிறையப் போடச் சொல்கிறாள்.

முத்து: ஆச்சி சம்மதம் கிடைத்தாச்சு

செல்வி அத்தை: அவள் சம்மதம் சொல்லவில்லை. இஞ்சி சொன்னாள்.

கவிதா: அத்தான், உண்ணி பற்றிச் சொல்லுங்கள். அதுதான் என் பயம்.

சங்கர்: ஆமாம், இதை லேசாக எடுக்கக் கூடாது. இங்கே காட்டில் லோன் ஸ்டார் என்று ஒரு உண்ணி. பெண் உண்ணியின் முதுகில் வெள்ளைப் புள்ளி இருக்கும். அது கடித்துச் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி ஒத்துக்கொள்ளாமல் போய்விடுகிறது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல்கூட வரலாம். கோழி, மீன், வான்கோழிக்குப் பிரச்சினை இல்லை. துணிகளுக்குப் பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்தை முந்தின நாளே தெளித்துக் காயவைக்க வேண்டும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் விட வேண்டும். வந்ததும் குளித்து, தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும்.

முத்து: ஆட்டுக்கறியே முடியாதா!!

முத்து: இனி சங்கர் அண்ணன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்

செல்வி அத்தை: மீனுவுக்கு நான் அனுப்பின சிவப்புக் கோட்டு இருக்கிறதே, குளிருக்கு அதைப் போடச் சொல்லு

சங்கர்: அதுமட்டும் வேண்டாம் அத்தை. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூன்று நிறமும் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது, சாக்ஸ்கூட. தூரத்தில் பார்ப்பவருக்கு அது சேவல் தலை மாதிரி தெரிந்துவிடும். உட்காரும்போது மரநிற உடை. எழுந்து நடக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு. முதுகுக்குப் பின்னால் தோளைவிட அகலமான மரம். வேறு யாராவது வருவது தெரிந்தால் கையை ஆட்டக் கூடாது, சத்தமாகப் பேச வேண்டும்.

செல்வி அத்தை: அந்தக் கோட்டு 3,200 ரூபாய்

கவிதா: பள்ளிக்கு அதைத்தான் போடுகிறாள் அம்மா

காலை 8:05

ராமலிங்கம் மாமா: சங்கர்

சங்கர்: சொல்லுங்க மாமா

ராமலிங்கம் மாமா: எல்லாம் படித்தேன். கண்ணாடி தேட நேரமாகிவிட்டது.

ராமலிங்கம் மாமா: எத்தனை துப்பாக்கி

சங்கர்: ஒன்றே ஒன்று மாமா. 20 போர் என்கிற குழல் அளவு. சின்னது, தோளில் அவ்வளவாக உதைக்காது. ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான் வைத்திருப்பார்கள். மற்றப் பிள்ளை கையில் பைனாகுலர். ஆதிக்கு 13, பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டான். மீனுவிடம் அது இல்லை. அதனால் தகுதியுள்ள பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அது சட்டம். பறவை 30 கஜத்துக்குள் வராவிட்டால் சுடுவதில்லை என்று பில் தாத்தா முன்பே சொல்லிவிட்டார். போன வருஷம் தன் பேரனை நான்கு மணி நேரம் உட்காரவைத்து, சேவல் மரத்துக்குப் பின்னால் நின்றது என்பதற்காகச் சுடவிடாமல் கூட்டி வந்தாராம்.

ராமலிங்கம் மாமா: பேரன் அழுதானா

சங்கர்: அழுதானாம் மாமா

ராமலிங்கம் மாமா: அப்ப அவர் சரியான ஆள்

செல்வி அத்தை: நீங்களா இப்படிப் பேசுறீங்க? மழைக்காலம் வந்தால் ராத்திரி காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது யார்

ராமலிங்கம் மாமா: நான்தான். கால் என்னுடையது. அந்தக் காலால்தான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். மூன்று மாதம் உங்கள் அம்மா கஞ்சி கொடுத்தாள்.

முத்து: ரவை போட்டுப் பிடித்த மாப்பிள்ளை

செல்வி அத்தை: முத்து வாயை மூடு

ராமலிங்கம் மாமா: மீனுவிடம் கேட்டீர்களா அவளுக்கு ஆசையா

கவிதா: ரொம்ப ஆசை அப்பா. பில் தாத்தா கொடுத்த மரப்பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பெட்டை மாதிரி கூப்பிடுகிறாள். வீட்டில் யாரும் தூங்க முடியவில்லை. ஆனால் சுடுவாளா என்று தெரியவில்லை. நேற்று, சேவல் என்னைப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

ராமலிங்கம் மாமா: போகட்டும். முதல் நாள் துப்பாக்கி அவள் கையில் வேண்டாம். ஆதியை வைத்துப் பார்க்கட்டும். இரண்டாம் நாள் அவளே சொல்லட்டும்.

செல்வி அத்தை: நான் இன்னும் சரி சொல்லவில்லை

சங்கர்: அப்படியே செய்கிறோம் மாமா. அத்தை, நீங்களும் சொல்லுகிறவரை நான் பில் தாத்தாவிடம் உறுதி சொல்லவில்லை.

செல்வி அத்தை: ஞாயிறு சாயங்காலம் சித்திரை விசுவுக்குக் கணி வைக்க வேண்டும், அதற்குள் வந்துவிடுவீர்களா

சங்கர்: மதியத்துக்குள் வந்துவிடுவோம் அத்தை. இரண்டு நாளும் விடியற்காலை 3:30க்குக் கிளம்பி, மதியம் வீடு.

முத்து: அத்தை சரி சொல்லிவிட்டார்

செல்வி அத்தை: சொல்லவில்லை

இரவு 7:46

கணபதி பெரியப்பா: சங்கர்

சங்கர்: சொல்லுங்க பெரியப்பா. வரி அனுப்பிவிட்டேன், பார்த்தீர்களா?

கணபதி பெரியப்பா: பார்த்தேன். மீனு பக்கத்தில் யார் உட்காருவார்

சங்கர்: பில் தாத்தா. அவரிடம்தான் சான்றிதழ் இருக்கிறது. நான் இரண்டடி பின்னால்.

கணபதி பெரியப்பா: நீ அவளுக்கு மறுபக்கம் உட்கார். தோளில் கை வை. அவர் சரி என்று சொன்னாலும் நீயும் பார்த்துவிட்டுத்தான் கையை எடு.

சங்கர்: சரி பெரியப்பா

கணபதி பெரியப்பா: எனக்கு அப்போது பதினைந்து வயது நித்யா. பக்கத்தில் யாரும் இல்லை.

நித்யா: மன்னியுங்கள் பெரிய மாமா. தெரியாமல் கேட்டுவிட்டேன்.

ராமலிங்கம் மாமா: கணபதி, காப்பி போட்டாச்சு. கோயிலிலிருந்து இப்படியே வா.

கணபதி பெரியப்பா: வருகிறேன். முத்து, இன்னும் உன் வரி வரவில்லை.