தனுஷ்கோடி தேவாலயச் சுவர்: சிமெண்ட் பூசினால் என்ன?

பாம்பன் கரையான்:
1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் சிதைந்த தேவாலயம் இன்னும் கூரையில்லாமல் நிற்கிறது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் கூட்டம் சொல்லி மாளாது. சுவரில் ஏறிப் படம் எடுக்கிறார்கள், ஆணியால் பெயர் கீறுகிறார்கள். சிமெண்ட் பூசிக் கூரையும் போட்டுவிட்டால் என்ன?

காரைக் கொத்தனார்:
கூரையைப் பிறகு பேசலாம், சிமெண்ட் மட்டும் வேண்டாம் தம்பி. அது செங்கல் சுவர் இல்லை. கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். உள்ளே முழுக்கத் துளை. உப்பும் ஈரமும் போய் வந்தபடியே இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் காயக் காய, உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகிக் கல்லை மாவாக உதிர்க்கும். பூச்சு பளபளவென்று நிற்கும், பின்னால் சுவர் இருக்காது.

பாம்பன் கரையான்:
சரி, உதிர்ந்த இடத்தில் வேறு பவளக்கல் வைத்துக் கட்டலாமே?

மண்டபத்துக்காரி:
எங்கே போய் வெட்டுவீர்கள்? 2001 முதல் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடு சேர்த்து. ஒரு காலத்தில் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி வீட்டுக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் அள்ளியதே போதும்.

காரைக் கொத்தனார்:
கூரை யாருக்கு என்பதும் கேள்விதான். புயலுக்குப் பின் தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத இடம் என்று அரசே அறிவித்தது. ஓரியூர் தேவாலயத்தின் கதை வேறு. 1693-இல் பாதிரியார் அருளானந்தரை வெட்டிய மண், இன்றும் பூசை நடக்கிறது. ஓடு நழுவினால் மறுநாளே யாராவது பார்த்துவிடுவார்கள்.

பாம்பன் கரையான்:
தகாத இடம் என்கிறீர்கள், மீனவர்கள் குடிசை போட்டு அங்கேதானே இருக்கிறார்கள்? எங்கள் குடும்பத்தில் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள் உண்டு. உங்களுக்கு அது இடிபாடு அண்ணே, எங்களுக்குக் கோயில்.

காரைக் கொத்தனார்:
பூசைக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டுங்கள், யார் தடுத்தது? உப்பு அரித்த சுவர்மேல் கூரைப் பாரத்தை ஏற்றாதீர்கள். விரிசலுக்கு நல்ல தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு, சுற்றிலும் வேலி. அவ்வளவுதான்.

பாம்பன் கரையான்:
சிமெண்ட் வேண்டாம், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். கூரையை விடமாட்டேன். வேலி போடுமுன் அங்கே சங்கும் பாசிமணியும் விற்கிறவர்களுக்கு எங்கே இடம் என்று சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரி:
அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இல்லை போலிருக்கிறதே!